வெளியே வராத கார்

மேசைக் கம்ப்யூட்டர்கள் எங்கள் ஊர்ப்பக்க வீடுகளுக்கு வரத் தொடங்கிய காலம். விருத்தாசலத்தில் மங்கலம்பேட்டை பஸ் கிளம்பக் காத்திருந்தது. என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். புதுக் கண்ணாடி போட்டிருந்தவள் சொன்னாள்:

“என் இடது கண்ணு சரியில்லன்னு கம்ப்யூட்டர் கேமுதான் கண்டுபிடிச்சுது அண்ணி.”

அண்ணி உரித்த வேர்க்கடலையை வாயில் போடவில்லை. “என்னாடி சொல்ற?”

“அவரு துபாய்லேருந்து லீவுல வந்தப்ப த்ரீ-டி கண்ணாடி கொண்டாந்தாரு. அத மாட்டிக்கிட்டு கார் ரேஸ் ஆடுனா காரு வெளிய வர்ற மாதிரியே இருக்குமாம். ஆனா ஸ்கிரீனு ஒரே மினுக்கு மினுக்குன்னு இருந்துச்சு, எல்லாருக்கும் தலவலி. ரெண்டு கண்ணுக்கும் படத்த மாத்தி மாத்திக் காட்டுதாம். செகண்டுக்கு அறுபது தடவன்னா ஒரு கண்ணுக்கு முப்பதுதான் கெடைக்கும். அவரு மானிட்டர நூத்தி இருபதுக்கு மாத்துனாரு, மினுக்கு நின்னுபோச்சு. வூட்டுல எல்லாருக்கும் காரு வெளிய வந்துச்சு.”

“உனக்கு?”

“செவுத்துல ஒட்டுன படமாட்டம் கெடந்துது. அவரு சிரிச்சாரு. கோவத்துல வலது கண்ண மூடிப் பாத்தேன், மொத்தமும் பொகையா இருந்துச்சு. சொன்னதும் சிரிப்பு நின்னுபோச்சு. மறுநாளே டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போனாரு.”

“டாக்டரு என்னா சொன்னாங்க?”

“இடது கண்ணுல பவரு அதிகமாம். இந்தக் கண்ணாடி மேலயே அந்த த்ரீ-டி கண்ணாடியயும் மாட்டிக்கிட்டு நேத்து ஆடுனேன். காரு மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. கத்திக்கிட்டே நாற்காலியோட பின்னால வுழுந்துட்டேன்.”

“அய்யோ, அடிபட்டுச்சா?”

“முழங்கையில நல்ல அடி. எழுந்ததும், தள்ளுங்க, இன்னொரு ஆட்டம்னுதான் சொன்னேன்.”