மிச்சம் பிடித்த சூடு

ஒரு முறை கொதிக்க வைத்த காபித்தூளில் இன்னொரு காபி இருக்கிறது. அதைக் குப்பையில் கொட்டுகிறவர்கள்தான் அறுபத்தைந்து வயது வரைக்கும் ஆலைச் சங்குக்கு ஓடுகிறார்கள். சற்று முன் இந்தக் காவல் அலுவலகத்தில் நீங்களும் கொட்டினீர்கள், ஷெரிஃப் அம்மா. அது உங்கள் பாடு.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம். நானே எழுதுகிறேன். அடுத்தவர் எழுதினால் என் பேச்சு அவர் பேச்சாகிவிடும். ஆறாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் என் கையெழுத்தைத் தவிர எதையும் நம்புவதில்லை.

என் பெயர் வைனோ ஹியேத்தலா. மிச்சிகனின் வட கோடியில், ஏரிக்கரைக் காகித ஆலையில் கட்டை அறுத்தவன். அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். ஓய்வு பெற பதினொரு நாள் இருந்தபோது காகிதம் சுற்றும் உருளைக்குப் பக்கத்தில் விழுந்து செத்தார். அவருக்கென்று வாங்கி வைத்திருந்த கைக்கடிகாரத்தை அடுத்து ஓய்வு பெற்றவனுக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன். 1974-இல், நாற்பத்திரண்டு வயதில், கையுறையைக் கழற்றி மேஸ்திரியின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எவனுக்கும் நான் பதில் சொன்னதில்லை.

இருபத்தொரு வருடம். அது சும்மா வராது. மான் இறைச்சி, உருளைக்கிழங்கு, உப்பு மீன். முதலில் பல் வைத்தியரை விட்டோம், பிறகு தொலைபேசியை, பிறகு தேவாலயத்துக்குப் போகும் பெட்ரோலை. பிள்ளை வேண்டாம் என்பதை அதற்கும் முன்பே முடிவு செய்தாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் என் மனைவி ஐலி தலையாட்டினாள். அப்படித்தான் எனக்கு ஞாபகம்.

நவம்பர் நடுவில் மான் வேட்டை தொடங்கும் நாள் வரை வீட்டில் கணப்பு கிடையாது. அதற்குப் பிறகும் குழாய்த் தண்ணீர் உறையாத அளவுக்குத்தான். பக்கத்து வீட்டு ருடி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவான்: "யோவ் வைனோ, உன் வீட்டு எலியெல்லாம் எங்க வீட்டுக்குக் குடி வந்துடுச்சுய்யா. குளிர் தாங்கலையாம்." ஐலி சிரிப்பாள். நான் சிரித்ததில்லை. ருடி இன்னும் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை, சவுனா உண்டு. எங்கள் ஜனத்தில் அதை விட்டவன் கிடையாது. கொல்லையில் மரக் குடில், உள்ளே கல் அடுக்கிய அடுப்பு. கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் உட்காருவோம். விறகு போடும் வாய் உடை மாற்றும் அறைப் பக்கம் இருக்கிறது. புகைக்குழாயை அடைக்கும் தகரத் தடுப்பும் அங்கேதான்.

இரண்டு வருடமாக ஐலிக்கு நெஞ்சில் இருமல். வீட்டைச் சூடாக வைக்க வேண்டும், தொடர்ந்து மருந்து வேண்டும் என்றார் வைத்தியர். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். குளித்த பிறகு சவுனாவுக்குள் உட்காரும் பலகையிலேயே படுத்துத் தூங்க ஆரம்பித்தாள். அங்கே மட்டும் இருமல் அடங்கியது.

விறகு எரிந்து தணலான பிறகு, அதன்மேல் நீலச் சுடர் ஆடும். கடைசி நீலம் அணையும் வரை தடுப்பை மூடக் கூடாது. மூடினால் விஷக்காற்று உள்ளே திரும்பும். அதற்கு வாசனையும் இல்லை, புகையும் இல்லை. இது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். சூடு வீணாகிறதே என்று அவசரப்பட்டு மூடிய ஒரு குடும்பம், மூன்று பேர், எங்கள் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகக் கிடக்கிறார்கள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கொஞ்சம் முன்னதாக மூடிவிட்டேன். அது சிக்கனம், வேறொன்றுமில்லை. ஐலி தள்ளாடி வெளியே வந்து வாந்தி எடுத்தாள்.

"தலை வெடிக்குது வைனோ. அதுக்குள்ள மூடிட்டியா?"

"கொஞ்சம் முன்னாடி."

"சூட்டையும் மிச்சம் புடிக்கிறியாக்கும். ஒருநாள் என்னைக் கொன்னு விறகு சேத்துடுவ பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மறுநாள் சரியாகிவிட்டாள்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிடும்போது சொன்னாள்: "ஆலைல கேட் காவலுக்கு ஆள் வேணுமாம். வேலைல இருந்தா எனக்கும் வைத்தியம் பாப்பாங்க. ரெண்டே வருஷம் வைனோ. அறுபத்தஞ்சு ஆயிட்டா அரசாங்கமே பாத்துக்கும்."

நான் உப்பு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ருடிகிட்ட சொல்லி ஏற்பாடு பண்ணிட்டேன். திங்கக்கிழமை உன்னை வரச் சொல்லிருக்காங்க. கோவிச்சுக்காத. எனக்கு மூச்சு முட்டுதுப்பா."

என்னைக் கேட்காமல் என் திங்கட்கிழமையைக் கொடுத்துவிட்டாள். இருபத்தொரு வருடத்தில் அவள் எனக்குச் செய்த ஒரே துரோகம் அது. அதை நான் மன்னித்துவிட்டேன்.

மறுநாள் மதியம் சவுனா மூட்டினேன். அவள் குளித்து முடித்து உள்ளே படுத்திருந்தாள். நான் உடை மாற்றும் வெளி அறையில் குனிந்து அடுப்புக்குள் பார்த்தேன். நீலச் சுடர் ஆறு இருந்தது. தடுப்பை மூடினேன்.

கை தவறி, பழக்கத்தில் மூடியிருப்பேனோ என்று இன்று காலை நீங்களே வார்த்தையை எடுத்துக் கொடுத்தீர்கள். நல்ல மனசு. ஆனால் அடுத்தவர் வார்த்தையை நான் வாங்குவதில்லை. நான் பார்த்தேன், எண்ணினேன், மூடினேன்.

உள்ளேயிருந்து கூப்பிட்டாள்: "இன்னும் ரெண்டு கட்டை போடேன் வைனோ."

"கல்லு நல்ல சூடா இருக்கு. தூங்கு."

வீட்டுக்குப் போய் இரண்டு பேருக்கு உருளைக்கிழங்கு உரித்தேன். நான் கொலைகாரன் என்றால் ஒருவனுக்குத்தானே உரித்திருப்பேன்? யோசித்துப் பாருங்கள்.

விபத்து என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போடத்தான் என்னை இங்கே அழைத்தீர்கள். போட்டிருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பேன். வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. ருடியும் இப்போது வேலிப் பக்கம் வருவதில்லை. மூன்று வாரத்தில் என்னோடு பேசிய முதல் ஆள் நீங்கள்தான். இன்று புதன் என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது.

போன சனிக்கிழமையும் சவுனா மூட்டினேன். பழக்கத்தில் இரண்டு துண்டு எடுத்துப் போய்விட்டேன். ஒன்றைத் துவைக்க வேண்டியதில்லை என்று மடித்து வைத்தேன். குளித்துவிட்டு அவள் படுக்கும் பலகையில் கொஞ்ச நேரம் படுக்கலாம் என்று தோன்றியது. அதற்கு முன் வெளி அறையில் உட்கார்ந்து கடைசி நீலச் சுடர் அணையும் வரை காத்திருந்தேன். பிறகுதான் தடுப்பை மூடினேன். அந்த விஷயத்தில் நான் எப்போதுமே கவனமானவன்.