ஒரு கோப்பைக் கேக்கும் ஒன்பது மாதப் பயமும்

என் மனைவியின் உயிரையும் என் மானத்தையும் ஒருசேரக் காப்பாற்றி, இன்று இந்த மன்றத்தின் தலைமை இருக்கையில் வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் அம்மையார் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, "சுருக்கமாகப் பேசுங்கள்" என்று கண்ணாலேயே எனக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருக்கும் உணவு ஆலோசகர் அவர்களே! ஓடிக்கொண்டே உட்காரவும், உட்கார்ந்துகொண்டே உறங்கவும் கற்றுக்கொண்ட செவிலியர் பெருமக்களே! பேரப்பிள்ளையின் முகம் பார்க்கக் காத்திருக்கும் பெரியோர்களே! மடியில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் உட்காரத் தோன்றாமல் சுவரோரம் நிற்கும் என் இனத்தவரான கணவன்மார்களே! உங்கள் அனைவருக்கும் நடுங்குகிற கைகளால் ஒரு வணக்கம்.

முன்வரிசை அம்மா சிரிக்கிறார். சிரியுங்கள் அம்மா. உண்மையாகவே நடுங்குகிறது. நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். அடியில் இருள், தலைக்கு மேலே இரும்பு, இடையில் ஓர் ஆள் நிற்கும் பலகை என்று உயரத்திலேயே வயிற்றைக் கழுவுகிறவன். அங்கே நடுங்காத கை இங்கே நடுங்குகிறது. ஏன்? மருத்துவர் அம்மையார் என்னிடம் கேட்டது அப்படி. "கர்ப்ப காலத்துச் சர்க்கரையைப் பற்றி நாங்க பேசிக்கிறோம். நீங்க அந்தக் கேக்கைப் பத்திப் பேசுங்க" என்றார். கேக்கைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? பயத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறதே, அதுதான் சிக்கல்!

என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். வில்லையைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. மயிரிழை பிசகினாலும் மறுபடி தேய்ப்பாள். அப்படிப்பட்டவளுக்கு, எங்கே பிசகியது என்றே தெரியாத ஒரு துயரம் வந்தது. எங்களுக்கு முதலில் உண்டான குழந்தை உலகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் துடிப்பு நின்றுவிட்டது. காரணம் கேட்டோம், எவராலும் சொல்ல முடியவில்லை. காரணம் தெரிந்த துக்கத்தோடு சண்டையாவது போடலாம். காரணமே இல்லாத துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது, சொல்லுங்கள்?

மறுபடி கரு உண்டானது. மகிழ்ச்சி வந்ததா? வந்தது, வாசலிலேயே நின்றுகொண்டது. உள்ளே வந்து உட்கார்ந்தது பயம்தான். ஐந்தாம் மாதம் தாண்டியது. ஆறாம் மாதம் பிறந்தது. "அப்பாடா" என்று மூச்சுவிட வாயைத் திறந்தோம். மூச்சு வெளியே வருவதற்குள் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. சர்க்கரை!

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்படியில் அச்சம், அலமாரியில் அச்சம், அள்ளி வைக்கிற அன்னத்தில் அச்சம். விரல் நுனியில் ஓர் ஊசி. ஒரு பொட்டு ரத்தம். உள்ளங்கை அளவுக் கருவியில் ஓர் எண். அந்த எண் நன்றாக இருந்தால் வீடு பேசும். சரியில்லை என்றால் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். உதவிக்கு வந்த என் மாமியார் பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைக்கப் பழகிக்கொண்டார். என் மனைவியோ ஒவ்வொரு கவளத்தையும் எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பாதித் தட்டை ஒதுக்கினாள். கன்னம் ஒட்டிப்போயிற்று.

ஒருநாள் மாலை வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். மாமியார் கடைக்குப் போயிருந்தார். குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தட்டினேன்.

"என்னம்மா, உள்ளயா இருக்க?"

இன்னும் பலமாகத் தட்டினேன்.

"ஏம்மா, என்ன ஆச்சு? கதவைத் தொற!"

தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். தாய்மார்களே, நடுவழியில் நின்ற எத்தனையோ லிஃப்ட்டுக் கதவுகளைத் திறந்தவன் நான். அந்தத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க என் பையில் இருந்த ஸ்க்ரூடிரைவரே போதும். ஆனால் கை பைக்குள் போகவில்லை. போன தடவை எங்கள் குழந்தையை இழந்ததும் மருத்துவமனையில் இப்படி ஒரு சாத்திய கதவுக்குப் பின்னால்தானே!

உள்ளிருந்து அவளே கை நீட்டித் தாழை விலக்கினாள். கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பேக்கரிப் பெட்டி. முகவாயில் கிரீம். கண்ணில் நீர்.

"கூட வேலை பாக்குற பொண்ணு அவ பொறந்தநாளுக்குக் குடுத்தா. தூக்கிப் போடத்தான் கொண்டு வந்தேன். ஒரு வாய்தான் நெனச்சேன். நிறுத்தவே முடியல."

நான் உள்ளே போனேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள இருக்கறதுக்கு ஏதாவது ஆயிடுமாங்க? என் கையாலயே நான் அதைக் கொன்னுடுவேனா? சொல்லுங்க!"

லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களுக்குக் கதவிடுக்கு வழியாக நான் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது." எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அன்று என் வீட்டில், என் மனைவிக்கு, அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. லிஃப்ட்டின் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். இது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாதே! குழாயை மூடினேன். ஈரத் தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

மறுநாள் மதியம், கையில் கிரீஸ் கறையோடும் தோளில் கருவிப் பையோடும் இதோ இந்த உணவு ஆலோசகர் அம்மாவின் அறை வாசலில் போய் நின்றேன்.

"என்னென்ன சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டீங்கம்மா. அழாம என்ன சாப்பிடலாம்னு சொல்லுங்க" என்றேன். நடந்ததையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவங்களுக்குக் கேக் புடிக்குமா?"

"உயிரும்மா."

"முழுக் கேக் வீட்டுக்குள்ள வரவே கூடாது. இருந்தா கை போகும், யார் கையா இருந்தாலும். ஒருத்தருக்கு, ஒரு தடவைக்கு. காப்பி குடிக்கிற கப்புல செய்யுங்க. சாப்பிட்டு முடிச்சா மிச்சமே இருக்கக் கூடாது. மைக்ரோவேவ் இருக்கா?"

"இருக்கும்மா. பால் சுட வைக்க."

"இனிமே அதான் உங்க பேக்கரி."

மைதா வேண்டாம் என்றார். சர்க்கரை வேண்டவே வேண்டாம் என்றார். "தேன் நல்லது, வெல்லம் நல்லதுன்னு கொட்டிடாதீங்க. ரத்தத்துக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார். பொடித்த ஓட்ஸ் இரண்டு கரண்டி, பாதாம் பொடி ஒரு கரண்டி, ஒரு முட்டை, இனிப்புச் சேர்க்காத கோகோ, கொஞ்சம் பால், ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர். தித்திப்புக்கு நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தில் ஒரு சிறு துண்டு, மசித்தது. அதையும் சாப்பாட்டுக்கு மேலே சாப்பிடக் கூடாது. மாலைத் தீனிக்குப் பதிலாக. சாப்பிட்டதும் நடக்க வேண்டும். அப்புறம் ரத்தம் பார்க்க வேண்டும். எண் ஏறினால் நிறுத்திவிட வேண்டும்.

அங்கே எழுதிக்கொள்கிறீர்களா, சகோதரி? எழுதுங்கள். ஆனால் தலைப்பில் பெரிய எழுத்தில், "என் மருத்துவரைக் கேட்ட பிறகு" என்று எழுதிவிட்டு எழுதுங்கள். ஒருத்தி உடம்பு இன்னொருத்தி உடம்பு அல்ல. பின்னாலிருந்து ஒருவர், "மைதா கொஞ்சமாவது?" என்கிறார். ஐயா, பக்கத்தில் உங்கள் வீட்டம்மா முறைப்பதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்!

செய்தேன். முதல் கோப்பையில் விளிம்புவரை மாவை ஊற்றினேன். அது பொங்கி எழுந்து, கோப்பையை விட்டே குடிபெயர்ந்து, கண்ணாடித் தட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. அடுத்ததை அதிக நேரம் விட்டேன், ரப்பராகிவிட்டது. என் மாமியார் அதைக் கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இதைக் கொண்டுபோய் லிஃப்ட்டுக்கு அடியில வையுங்க. மேலேருந்து விழுந்தாலும் யாருக்கும் அடிபடாது" என்றார். அதற்கடுத்தது முட்டை நாற்றம். எல்லாத் தோல்வியையும் தின்றது யார்? இந்த வயிறுதான்!

பிறகு பிடிபட்டது. பாதிக் கோப்பைக்கு மேல் போகக் கூடாது. முள்கரண்டியால் முட்டை தெரியாமல் அடித்துக் கலக்க வேண்டும். மேற்புறம் லேசாக ஈரமாக இருக்கும்போதே அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் விட்டால், உள்ளிருக்கும் சூடு மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு மாலை, எங்கள் சாப்பாட்டு மேசையில், விளக்கைப் போட்டு, என் மனைவிக்கு முன்னால் அந்தக் கோப்பையை வைத்தேன். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள்.

"தித்திப்பே இல்லையே" என்றாள்.

என் முகம் விழுந்தது. இன்னொரு கரண்டி எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. "பரவால்ல, கேக் மாதிரிதான் இருக்கு" என்றாள். அடிவரை வழித்துத் தின்றாள். அதன்பின் இருவரும் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தோம். மாமியார் துணி மடிப்பதுபோலப் பாவனை செய்து, ஒரே துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். நேரம் வந்தது. ஊசி, பொட்டு ரத்தம், எண். எல்லைக்குள் இருந்தது! கைதட்டவில்லை, கத்தவில்லை. மாமியார் அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்த மேடையில் கேக் வியாபாரம் செய்துவிட்டு இறங்கியிருப்பேன். முடியவில்லையே!

எட்டாம் மாதத்தில் எண்கள் ஏறின. கேக் செய்யாத நாளிலும் ஏறின. காலையில் வெறும் வயிற்றிலேயே ஏறின. என் மனைவி அந்தக் கோப்பையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். "இதாலதான்! எனக்கு நாக்கு அடங்கல, அதான்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளை உடனே இங்கே அழைத்து வந்தேன். இன்சுலின் ஊசி போட வேண்டும் என்றார் மருத்துவர் அம்மையார்.

"ஊசி போட்டா நான் தோத்துட்டேன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாள் என் மனைவி.

"யார்கூட போட்டிம்மா?" என்றார் அம்மையார். "இது உங்க தப்பும் இல்ல, கேக்கோட தப்பும் இல்ல. நஞ்சுக்கொடி வளர வளர, உங்க இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. உடம்பு தனியா பாரத்தை இழுத்துட்டுப் போகுது. கூட ஒரு கை குடுக்கறோம், அவ்வளவுதான்."

தாய்மார்களே, ஒரு கோப்பைக் கேக் நோயைத் தீர்க்காது. தீர்க்கும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் அழுதுகொண்டே ஒளிந்து தின்றவள், அன்று ஒளியவில்லை. எண் ஏறியதும் எங்களிடம் சொன்னாள், மருத்துவரிடம் வந்தாள், தன் வயிற்றில் தானே ஊசி போடக் கற்றுக்கொண்டாள். முதல் ஊசிக்கு என் கண்தான் மூடிக்கொண்டது.

வலி வந்தது. மகள் பிறந்தாள். அழுகுரல் கேட்டது. நான் சுவரில் சாய்ந்தேன். முடிந்ததா பயம்? ஒரு செவிலியர் வெளியே வந்தார்.

"கொழந்தைக்கும் சர்க்கரை பாக்கணும். அம்மாவுக்கு இருந்ததால, பொறந்ததும் கொழந்தைக்குத் திடீர்னு எறங்கிடலாம்."

அந்தப் பிஞ்சுக் குதிகாலில் ஊசி! என் விரல் தடிமன்கூட இல்லாத குதிகால்!

"கம்மியா இருக்கு. பால் குடுத்துட்டு மறுபடி பாக்கலாம்" என்றார்.

எண்ணிப் பாருங்கள்! எண் ஏறுகிறதே ஏறுகிறதே என்று இத்தனை காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், எண் இறங்கிவிட்டதே என்று கலங்கி நிற்கிறோம். உள்ளே என் மனைவி எழுந்து உட்காரக்கூட முடியாத நிலையில் குழந்தையை மார்போடு அணைத்துப் பால் கொடுத்தாள். குடிக்கிறாளா, தூங்குகிறாளா என்று அந்தக் கன்னத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மாமியார் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். மறுபடி அதே குதிகால். மறுபடி ஒரு பொட்டு ரத்தம். அதோ அந்த ஓரத்தில் நிற்கிறாரே, அந்தச் செவிலியர்தான் கருவியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"ஏறிடுச்சு" என்றார். "நல்லா ஏறிடுச்சு. சரியா இருக்கு."

ஏறிடுச்சு! எந்தச் சொல்லைக் கேட்டு வீடே ஒடுங்கியதோ, அந்தச் சொல்லைக் கேட்டு என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். குழந்தை பயந்து விழித்துக்கொண்டது.

சுவரோரம் நிற்கும் தோழர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. "அதைத் தின்னாதே, இதைத் தொடாதே" என்று சொல்ல மாமா இருக்கிறார், அத்தை இருக்கிறார், அடுத்த வீடு இருக்கிறது, ஆயிரம் பேர் இருக்கிறார்கள். "இதைச் சாப்பிடலாமாம், விசாரித்துவிட்டேன், நானே செய்து தருகிறேன்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? நீங்கள் இல்லையென்றால் யார்? இன்று இல்லையென்றால் என்று? அவள் உங்கள் பிள்ளையைத் தனியாகத்தான் சுமக்க முடியும், அது இயற்கை. பயத்தையும் தனியாகச் சுமக்க வேண்டும் என்று எந்த இயற்கை சொன்னது? கரண்டியைப் பிடியுங்கள்! கருவியைப் பிடியுங்கள்! காத்திருக்கும் அந்த நேரத்தில் கையைப் பிடியுங்கள்!

எங்கள் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. தாய்க்குச் சர்க்கரை பின்னாளிலும் வரலாம், பரிசோதனையை விடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவளுக்கு அடுத்த பரிசோதனை நாளை காலை. அதனாலும்தான் இன்று இந்தக் கை இப்படி நடுங்குகிறது. இருந்தாலும் நாளை காலை அவளோடு வரிசையில் நான் நிற்பேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், இடையில் அழுத குழந்தைகளுக்கும், அவர்களைத் தூக்கிக்கொண்டு வெளியே போகாமல் இங்கேயே ஆற்றிய அன்னையருக்கும், கடிகாரத்தைக் காட்டாமல் பொறுத்துக்கொண்ட தலைமை மருத்துவர் அம்மையாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லாப் பிள்ளைகளும் நலமாகப் பிறக்கட்டும். வணக்கம்.