பீட்டரண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் லேப்டாப் பையோடு இரண்டு பேர். கண்ணாடி போட்டவர் சொன்னார்:

"பீட்டரண்ணன் செத்து இத்தினி மாசமாச்சு. நம்ம ஆபீஸ் சர்வர் இன்னமும் அவரு வீட்டு கம்ப்யூட்டர்கிட்டதான் ஃபைல் கேட்டுக்கினு இருக்குது."

"எதுக்குங்க?"

"அவரு இருந்தப்ப, வேண்டாததெல்லாம் எடுத்துட்டு நம்ம ஜாவா சர்வர சின்னதாக்கினாரில்ல? அப்ப அதுக்கு வேண்டிய பழைய வெர்ஷன் ஃபைல் ஒண்ணு அவரு வீட்டு கம்ப்யூட்டர்லயே தங்கிடுச்சு. தெனம் காலையில சர்வர் ஸ்டார்ட் ஆவும்போது அங்கிருந்துதான் எடுத்துக்கும்."

"வீட்ல யாரும் ஆஃப் பண்ணலியா?"

"ஒரு நாள் காலையில போய்ப் பாத்தேன். மானிட்டர் மேல ஜெபமாலை தொங்குது. சர்வர் கேட்டதும் கீழ லைட்டு மினுக்குச்சு. 'அவரு வேலை பாக்குறாரு, மெதுவா பேசுங்க'ன்னாங்க அண்ணி. காப்பி கொண்டாந்து கம்ப்யூட்டர் பக்கத்துல வெச்சாங்க."

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பாதி பஸ் இறங்கியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், காதை மட்டும் திருப்ப முடியவில்லை.

"புது வெர்ஷனுக்குத் தோதா அந்த ஃபைல நாமளே செஞ்சிட்டமே. இனிமே அங்க கேக்க வேணாமில்ல?"

"வேணாம்னுதான் அங்க கேக்கச் சொல்ற வரிய புரோகிராம்லேந்து எடுத்தேன். மறுநாள் காலையிலயே அண்ணி போன் பண்ணாங்க."

"என்னான்னு?"

"'லைட்டு மினுக்கல, அவரு இன்னும் எழுந்திரிக்கலியே, ஆபீஸுக்கு லீவு சொல்லணுமா'ன்னு கேட்டாங்க. அந்த வரிய மறுபடியும் போட்டுட்டேன்."