நூற்றுப் பதினேழில் ஒன்று

– நூத்துப் பதினேழு! அந்த ரேடியோப் பொண்ணு எண்ணியே சொல்லிட்டா. ஒரே பாட்டு. பாடினது, வாசிச்சது எல்லாம் சேர்த்து நூத்துப் பதினேழு ரெக்கார்டு. கேளுங்க, அதுல ஊருக்கே பிடிச்ச ஒண்ணு யாரோட குரல்னு இன்னிக்குப் பதினோரு மணிக்குத் தெரியப் போகுது.

– இரு இரு. வண்டி வர இன்னும் அரை மணி இருக்கு. முதல்ல உட்காரு.

– உட்கார்ந்தா துணி கசங்கும். இஸ்திரி போட்டது நான், நீங்க இல்ல.

– தொண்டை வேற உனக்குக் கரகரன்னு இருக்கு. அதாவது, நேரலைன்னா நடுவுல இருமல் வந்தாக்கூட நிறுத்த முடியாது.

– நான் என்ன பாடவா போறேன்? பேசத்தானே போறேன். கேளுங்க, காலையிலேர்ந்து இது மூணாவது சாக்கு. முதல்ல முழங்கால் வலின்னீங்க. அப்புறம் மழை வரும்னீங்க. வெயில் பல்லைக் காட்டுது.

– இத்தனை வருஷம் பேசாம இருந்தாச்சு. இப்போ எதுக்கும்மா?

– யாரால பேசாம இருந்தேன்? 'வெளியே தெரிஞ்சா ஸ்டுடியோவுல என் சீட்டு கிழிஞ்சிடும்'னு சொன்னது யாரு? ரெக்கார்டிங் வேலையிலேர்ந்து நீங்க ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு. ஸ்டுடியோ இருந்த இடத்துல டயர் கடை போட்டிருக்கான். இனிமே உங்க சீட்டை யாரு கிழிப்பா, டயர்க்காரனா?

– சிரிக்கிற விஷயமா இது?

– சிரிக்காம என்ன பண்றது? முப்பத்து நாலு வருஷமா அந்தப் பாட்டு என்னை எங்கெல்லாம் துரத்துது தெரியுமா? லிஃப்ட்ல ஏறினா புல்லாங்குழல்ல வருது. பல்லு புடுங்கப் போனேன், வாயைப் பொளந்துக்கிட்டு படுத்திருக்கேன், தலைக்கு மேல பியானோவுல அதே பாட்டு. பேங்க்குக்கு போன் போட்டா 'காத்திருக்கவும்'னு சொல்லிட்டு டொய்ங் டொய்ங்னு அதையே விடுறான். போன மாசம் நாய் பிஸ்கட் விளம்பரத்துக்கும் வந்தாச்சு.

– நல்ல பாட்டுன்னா நாலு பேர் தொடத்தான் செய்வாங்க.

– தொட்டது சரி. முதல்ல தொட்டது யாரு? எந்த நாட்டுலயோ ஒருத்தன் கிட்டாரை மடியில வச்சுக்கிட்டு முணுமுணுத்தான். அதுக்கு பாஸா நோவான்னு பேரு. காதுல ரகசியம் சொல்ற மாதிரி பாடணும், கத்தினா செத்துப் போகும். நம்ம மொழியில ராணியம்மா பாடினாங்க, ஆஹா ஓஹோன்னு போச்சு, அந்த ரெக்கார்டைக் கேட்டுத்தான் மத்த எல்லாரும் பாடினாங்க. ஊருக்குத் தெரிஞ்ச கதை இது. ஆனா அந்த ரெக்கார்டுல இருக்கிற குரல் யாரோடது? சொல்லுங்க.

– அது வந்து...

– இழுக்காதீங்க. நானே சொல்றேன். ராணியம்மா கேட்டுக் கத்துக்கிறதுக்காக முன்னாடியே டிராக் பாடி வைக்க வந்த பொண்ணோட குரல். பாடிட்டுப் பின்வாசல் வழியாப் போயிட வேண்டியவ. ராணியம்மா பாடின நாடா கெட்டுப் போச்சு, அவசரத்துக்கு என் குரலையே ரெக்கார்டாப் போட்டுட்டாங்க. இந்த உண்மையை என்கிட்ட சொன்ன ஒரே ஆம்பளை நீங்கதானே?

– ராணியம்மாவும் இன்னிக்கு போன்ல வராங்க. அவங்க கேக்கும்போதா இதைச் சொல்லப் போறே?

– வரட்டுமே! 'ஒரே தடவையில பாடி முடிச்சேன், எனக்கு டிராக்கே தேவைப்படல'ன்னு பேட்டி கொடுத்தாங்களே மகராசி. கேக்கட்டும்.

– ரேடியோக்காரங்களுக்குத் தெரியுமா?

– அவங்களுக்கு எப்படித் தெரியும்? 'டிராக் பாடின அனுபவத்தைச் சொல்லுங்க மேடம்'னு கூப்பிட்டாங்க. அனுபவம்தானே, சொல்றேன்.

– வேணாம்மா. என் பேச்சைக் கேளு.

– நம்ம பொண்ணு ஆபீஸ்ல எல்லாரையும் கூட்டி வச்சுக் கேக்கப் போறா. பதினாலு வயசுல அவ கேட்டது உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கல. 'வீட்டுல இருக்கிறதைத் தவிர நீ என்னம்மா பண்ணே?'ன்னு கேட்டா. துடைச்ச அடுப்பையே திரும்பத் திரும்பத் துடைச்சேன். கேளுங்க, இன்னிக்குத்தான் அவளுக்குப் பதில் சொல்லப் போறேன்.

– அதனாலதான் போகாதேங்கிறேன். ரேடியோவுல குரலை மட்டும் தனியாப் போடப் போறாங்க.

– என்னது?

– அதாவது... பழைய நாடா கிடைச்சிருக்கு. கிட்டார், தாளம் எல்லாத்தையும் நீக்கிட்டு, குரலை மட்டும் பிரிச்சு வச்சிருக்காங்க. அதை இன்னிக்கு நிகழ்ச்சியில போடுவாங்க. வாத்தியம் இல்லாமக் கேட்டா அது யாரோட குரல்னு பச்சைக் குழந்தைகூடச் சொல்லிடும்.

– அடி சக்கை! அப்போ நான் வாயே திறக்க வேண்டாமே! இரு இருன்னு இழுக்கிற மனுஷன், இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?

– போன வாரம் என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. போய்க் கேட்டேன்.

– கண் டாக்டர்கிட்ட போறேன்னு போனீங்களே, அன்னிக்கா?

– ம்.

– கண்ணாடி மாறலையேன்னு அப்பவே நினைச்சேன். சரி, அதை விடுங்க. எப்படி இருக்கேன் நான்? இருபத்து மூணு வயசுக் குரல். சொல்லுங்க, எப்படி இருக்கு?

– அது நீ இல்லம்மா.

– என்ன?

– ராணியம்மா. ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் அவங்கதான்.

– காலங்காத்தால விளையாடாதீங்க.

– நாடா கெட்டே போகல. நம்மகிட்ட இருந்தது நாடாவுல நாலே தடம் பதியிற மெஷின். கிட்டாருக்கு ஒண்ணு, தாளத்துக்கு ஒண்ணு, வயலினுக்கு ஒண்ணு. குரலுக்குன்னு மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு. உன் குரல் இருந்த இடத்து மேலேயே அவங்க குரலை ஏத்தினேன். ஏத்த ஏத்தக் கீழே இருக்கிறது அழிஞ்சிடும். நான்தான் அழிச்சேன். என் கையால.

– பின்னே அன்னிக்கு ஸ்டுடியோ மொட்டை மாடிக்கு ஓடி வந்து சொன்னீங்களே?

– நீ கைப்பிடிச் சுவர் மேல ஒரு காலை வச்சுக்கிட்டு நின்னே.

– அதுக்கு?

– 'நாலு வருஷமாப் பாடறேன், நான் பாடினதுக்கு ஒரு அடையாளம்கூட இல்ல'ன்னு அழுதே. கீழே சிமெண்ட் தரை. வேற என்ன சொல்லி உன்னைக் கூப்பிடுறது? 'உன் குரல்தான் ரெக்கார்டுல போகுது, இறங்கி வா'ன்னு வாயில வந்ததைச் சொன்னேன். நீ காலை எடுத்தே.

– மறுநாள் உண்மையைச் சொல்லியிருக்கலாமே?

– மறுநாள் நீ சிரிச்சே.

– மறு வாரம்? மறு மாசம்? பொண்ணு பொறந்தப்போ?

– தினமும் தொண்டை வரைக்கும் வரும். அதாவது... அப்புறம் சொல்லிக்கலாம்னு விழுங்கிடுவேன்.

– எனக்காகத் தன் வேலையையே பணயம் வச்ச மனுஷன்னு நினைச்சுத்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன்? எங்கண்ணன் கொண்டு வந்த மாப்பிள்ளையை வேணாம்னு சொல்லி, அவனோட பேச்சுவார்த்தையே அத்துப் போச்சே!

– தெரியும்.

– என்ன தெரியும்? ஹோட்டல்ல பாடக் கூப்பிட்டாங்க, மாட்டேன்னேன். மேடைக்குக் கூப்பிட்டாங்க, மாட்டேன்னேன். வேற எங்கே பாடினாலும் குரல் காட்டிக் கொடுத்துடும், உங்களுக்கு ஆபத்துன்னு பயந்தேன். பெத்த பொண்ணுக்குத் தாலாட்டுப் பாடறதுக்குக்கூட ஜன்னலைச் சாத்தினேன். பக்கத்து வீட்டுக்காரங்க காதுல விழுந்துடக் கூடாதுன்னு!

– நீ அந்த அளவுக்குப் போவேன்னு நான் நினைக்கல. போனப்புறம் தடுக்கத் தைரியம் இல்ல.

– அடப்பாவி மனுஷா. ஒரு தடவை அழிச்சது போதாதுன்னு முப்பத்து நாலு வருஷமா அழிச்சிருக்கீங்களே.

– திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு.

– எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? என் குரலை எனக்கே தெரியாதா?

– அவங்க உன்னைக் கேட்டுத்தானே கத்துக்கிட்டாங்க? எங்கே இழுக்கணும், எங்கே குழையணும், எல்லாம் நீ போட்ட கோடு. அதுவும் கிசுகிசுன்னு பாடுற பாட்டு. கிசுகிசுத்தா எல்லார் குரலும் ஒரே மாதிரிதான். உனக்கு உன் குரலாக் கேக்கணும்னு ஆசை. அப்படியே கேட்டுச்சு.

– அப்போ நூத்துப் பதினேழுல நான் ஒண்ணுலகூட இல்ல.

– ஏம்மா, அப்படியே நிக்காதே. உட்காரு. தண்ணி கொண்டு வரேன்.

– தண்ணி வேணாம். ரேடியோவுக்கு போன் பண்ணிக் காய்ச்சல்னு சொல்லிடுங்க. பொய் சொல்லத் தெரியாதவரா நீங்க?

– பொண்ணு கேட்டா?

– 'உங்கம்மா ஒண்ணுமே பண்ணலடி'ன்னு சொல்லுங்க. அது ஒண்ணாவது உண்மையா இருக்கட்டும்.

– எங்கே போறே?

– மாடிக்கு. துணி காயுது.

– துணியை நேத்தே எடுத்தாச்சு.

– அப்போ சும்மா போறேன். கையை விடுங்க.

– விட மாட்டேன். இரு. ஒண்ணு இருக்கு. அந்த ரெக்கார்டுல உன்னோடது ஒண்ணு இருக்கு!

– கையை விடுங்கன்னேன்.

– மூச்சு! ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஒரு மூச்சு கேக்கும் பாரு, உள்ளே இழுக்கிற மூச்சு. அந்த இடத்துல நான் ரெக்கார்டு பண்ற சிவப்பு பட்டனை அரை நொடி தாமதமா அழுத்திட்டேன். அந்த அரை நொடி மட்டும் அழியல. அது உன் மூச்சு.

– பொய்.

– சத்தியமா. போன வாரம் தனியாக் கேட்டேனே, அந்த இடத்துலதான் எனக்கு அழுகை வந்துச்சு.

– ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடியா? விசும்புற மாதிரி லேசா வருமே, அதுவா?

– அதேதான்.

– அந்த இடத்துல எல்லாருமே மூச்சு இழுக்கிறாங்களே!

– இழுக்கிறாங்களா? ஆமா... ஆமா, பின்னே! அந்த ரெக்கார்டைக் கேட்டுத்தானே பாடினாங்க? அவங்களுக்கு அதுவும் பாட்டுல சேர்ந்ததுதான். உன்னைப் பார்த்து இழுக்கிற மூச்சு அது.

– ஜிம்முல போடுற டமால் டுமீல் ரெக்கார்டுல பாடுறவன்கூட அங்கே இழுப்பான். லிஃப்ட்ல வர்ற புல்லாங்குழல்காரன் அங்கே ஒரு துளி நிறுத்துவான். நாய் பிஸ்கட்டுல பாடுறவளும்தான்! அப்போ எல்லாத்துலயும் நான் இருக்கேனா?

– இருக்கே.

– அரை நொடி.

– அரை நொடிதான்.

– போதுங்க. கேளுங்க, எனக்கு அது போதும். பாட்டு ராணியம்மாவோடது, அந்த ஒரு மூச்சு மட்டும் என்னோடதுன்னு சொல்லிட்டு வந்துடறேன். பொண்ணு முன்னாடி தலை குனிய வேண்டாம். உங்களை நான் மன்னிக்கல, அது வேற கதை. வந்து வச்சுக்கறேன்.

– கட்டாயம் போகணுமா? காய்ச்சல்னு சொல்லச் சொன்னியே?

– அது அப்போ. மணி அடிக்குது பாருங்க, கதவைத் திறங்க.

– வணக்கம் மேடம்! பக்காவா ரெடி ஆயிட்டீங்க, சூப்பர்! வணக்கம் சார். வண்டி கீழே நிக்குது, போலாமா?

– வாம்மா. கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு. குரலை மட்டும் தனியாப் போடுவீங்களாமே? ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி நிறுத்தி, அந்த மூச்சை மட்டும் ரெண்டு தடவை போடணும்.

– எந்த மூச்சு மேடம்?

– நேரமாகுதும்மா, அதெல்லாம் போற வழியில பேசிக்கலாம்.

– நீங்க சும்மா இருங்க. என் மூச்சும்மா. நான் டிராக் பாடினப்போ இழுத்தது. இவரு கை தவறி அதை மட்டும் அழிக்காம விட்டுட்டாரு.

– ரேடியோப் பாப்பா, தயவுபண்ணி நீ முன்னாடி போய் வண்டியில உட்காரு...

– ஒரு நிமிஷம் சார். அப்படி ஒண்ணு இருந்திருந்தா சூப்பரா இருந்திருக்கும் மேடம், ஆனா சார்தானே போன வாரம் எங்க ஆளுங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என் வீட்டுக்காரியோட ஒரு மூச்சாவது எங்கேயாவது ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்கப்பா'ன்னு அழுதாரு... ஒரு நாள் பூரா சல்லடை போட்டுத் தேடினோம், ஒண்ணுமே இல்ல மேடம்.