தூணோரம் உட்கார்ந்திருந்தவர்

காளவாசலில் பஸ் நின்றபோது, முன் இருக்கைப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம், "அண்ணே, அந்தப் பெரியவர அழிக்க எனக்குக் கை வரல" என்றாள்.

அவள் மடியில் லேப்டாப், அவர் மடியில் ட்ரோன் பெட்டி. பழைய பள்ளிவாசல் ஒன்றை லேசரால் அளந்து படமாக்குகிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"படத்துல ஆளுக விழுந்திருந்தா அழிக்கத்தானே சொல்லியிருக்காங்க?"

"நடந்தவங்கெல்லாம் புகை மாதிரி கலைஞ்சு போயிட்டாங்கண்ணே. இவரு மட்டும் தூணுல சாஞ்சு அசையாம இருந்திருக்காரு. தாடி, தொப்பி, அம்புட்டும் புள்ளி புள்ளியா மினுங்குது."

"அவரு இல்லாதப்ப அந்த எடத்த மறுபடி எடுத்துருவோம்."

"நாம எடுத்த மறுவாரமே அவரு தவறிட்டாரு. நேத்து அவரு மகன் வந்தாரு. காட்டுனேன்."

"என்ன சொன்னாரு?"

"தூணச் சுத்திச் சுத்திக் காட்டச் சொன்னாரு. ரொம்ப நேரம் பாத்துட்டு, 'எங்க அத்தா பக்கத்துல நான் போயி உக்காந்தா, என்னையும் எடுத்து ஒண்ணாச் சேக்க முடியுமாம்மா?'ன்னு கேட்டாரு."

பஸ் கிளம்பியது. வெயிலில் மிதந்துபோன கடைகளையே ட்ரோன் பெட்டிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியும்ல?"

"முடியும்ணே."

"ஆபீசுக்கு ஆளில்லாத படம் போகட்டும். அவரு மகன நாளைக்குப் பள்ளிவாசலுக்கு வரச் சொல்லு. அசையாம உக்காரணும்னு மட்டும் சொல்லிரு."