வால் வைத்த தவளை

தங்கத்தில் தவளை வார்ப்பதுதான் எளிது. மெழுகை உருட்டி, நாலு காலை ஒட்டி, இரண்டு கண்ணைப் பிதுக்கி, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகிய இடத்தில் தங்கத்தை ஊற்றினால் போதும். மழைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தவளைதான் துணை என்பதால், எங்கள் ஆற்றங்கரையில் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். முதலை அப்படியில்லை. அது தலைவர் வீட்டு உருவம். மற்றவர்கள் அணிவதில்லை.

தலைவர் கிராபே படுத்த படுக்கையானதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டனுப்பினார். தன்னோடு புதைகுழிக்குள் யார் யார் வரவேண்டும் என்பதைச் சாகுமுன் தலைவர்தான் முடிவு செய்வார்.

“அங்கயும் என் தங்கத்தப் பாத்துக்க ஒருத்தன் வேணும், சுவேரி. ஒரு தவளை செஞ்சு, அதுக்கு முதலை வாலு வை. நீயே கழுத்துல போட்டுக்கோ. வால் வச்ச தவளை போட்டவன் என்கூட வருவான்னு மட்டும் பூசாரிகிட்ட சொல்லிவச்சிருக்கேன்.”

“என் பாக்கியங்க” என்றேன்.

அவசரப்படாமல் செய்தேன். மெருகேற்றும்போதுதான் அந்த யோசனை வந்தது. தலைவருக்கு வேண்டியது நல்ல வேலைக்காரன். எங்கள் இருவரில் என் தம்பி தெபூரிதான் கெட்டிக்காரன் என்று ஊரே சொல்லும். அவனை அனுப்புவதுதானே தலைவருக்கு மரியாதை?

அவன் மனைவி நசூவுக்கு அப்போது ஏழாம் மாதம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று சொல்லி, நானே அவன் கழுத்தில் கட்டிவிட்டேன்.

அவன் அதைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். “என்னண்ணே, தவளைக்கு வாலு முளைச்சிருக்கு? கண்ணு மங்கிடுச்சா உனக்கு?”

“மெழுகு வழிஞ்சிடுச்சுடா.”

“இரு, நான் வெட்டிச் சரி பண்றேன்.”

“வேணாம். நான் செஞ்சது அப்படியே இருக்கட்டும்.”

“சரி, கோவிச்சுக்காத. நசூ, இங்க பாரு, நம்ம புள்ளையும் வாலோடதான் பொறக்கப்போவுது.”

நசூ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பதினொரு நாள் கழித்துத் தலைவர் இறந்தார். ஆறு நாள் புகைபோட்டு உடலை உலர்த்தினார்கள். குழியருகே எங்களை வரிசையாக நிற்கவைத்து, பூசாரி ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தெபூரியின் தவளையைத் தொட்டதும் நின்றார்.

அவன் கத்தவில்லை. “இது தப்பா வார்த்ததுங்க. மெழுகு வழிஞ்சதுல வந்த வாலு. என் அண்ணனையே கேளுங்க. சொல்லுண்ணே.”

பூசாரி என் பக்கம் திரும்பினார். நசூவும் திரும்பினாள்.

“என் வேலையில தப்பு வராதுங்க” என்றேன். “தலைவர் சொன்னபடிதான் செஞ்சேன்.”

சோளக் கள்ளில் ஏதோ கலந்து கொடுத்தார்கள். வலித்திருக்காது. அதைக் குடிக்கும்போதும் தெபூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் எதையோ மறந்துவிட்டேன், இதோ ஞாபகம் வந்துவிடும் என்பதுபோல.

பெண் குழந்தை பிறந்தது. நசூ என்னிடம் எதுவும் கேட்டதில்லை. புதுத் தலைவரான உங்களிடம்தான் வந்து, தெபூரி ஏன் போனான் என்று கேட்டிருக்கிறாள். தலைவர் கட்டளையை நான் எப்படி மீறுவேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் வரச்சொன்னது என்னை.