பறிமுதல் படத்துல ஒரு குடம்

பத்தடி பேனரா? மண்டப வாசல்லயா? ஏந் தம்பி, மாப்பிள்ள பொண்ணு படமே ஆறடிதான வைக்கிறாங்க. இல்ல இல்ல, நெகட்டிவ் இல்லேன்னு நான் சொல்லவே இல்லியே. அந்த பிஸ்கட் டின்னுல இருக்கு. ஸ்டுடியோவ மூடி எவ்வளவோ காலமாச்சு, ஆனா காரைக்கால்ல பாதிப் பேரு இன்னும் வெள்ள முடியும் கருப்பு மூஞ்சியுமா எங்க வீட்டு அலமாரியிலதான் குடியிருக்காங்க. எடுக்கறேன், மொதல்ல டீயக் குடிங்க. சக்கர தூக்கலா இருக்கும். அவரு போட்டா அப்படித்தான், ஆகாதவங்க வந்தாக்கூட ரெண்டு கரண்டி போடுவாரு.

அந்தப் பேப்பர் துண்டக் குடுங்க, கண்ணாடிய மாட்டிக்கிறேன். ஆமா, நான் எடுத்ததுதான். எண்பத்தி நாலு. எம்பேரு எங்கயும் இருக்காது, தேடாதீங்க. படம் எடுத்தவ பேர அப்ப யாரு போட்டா? அதுவும் ஒர்த்தான்ஸுன்னு பேரு வச்சிருந்தா அச்சுக் கோக்கிறவருக்குத்தான் செரமம். நடுவுல பாருங்க, கூலிங் கிளாஸோட, பட்டணத்துலேர்ந்து வந்த துப்பறியும் அதிகாரி திருஞானசம்பந்தம். உங்க அப்பா. நெஞ்ச நிமித்திக்கிட்டு என்னமா உக்காந்திருக்காரு. அவருக்கா எம்பது வயசு? சதாபிஷேகத்துக்கு இந்தப் படத்தப் போடணும்னு அவரா ஆசப்பட்டாரு? ஓ, அவருக்குத் தெரியாதா. தெரியாம வச்சு அசத்தணும்னு வந்தீங்களா. நல்ல புள்ளதான் போங்க.

அப்பல்லாம் போலீசு படம்னா ஒரு மொற இருந்துச்சு தம்பி. கல்யாண குரூப் போட்டோ மாதிரிதான். அதிகாரிங்க நாற்காலியில, புடிபட்டவன் பின்னாடி நிப்பான். முன்னாடி மேசையில வேட்டிய விரிச்சு, புடிச்ச சாமானெல்லாம் பரப்பி வைக்கணும். அதிகாரி கேமராவப் பாக்கணும், புடிபட்டவன் தரையப் பாக்கணும். இதோ ஓரத்துல செவப்புத் தொப்பியோட கழுத்த நீட்டுறாரே, இவரு எங்க ஊருப் போலீசு. வெளியூரு ஆளுங்க நம்ம எல்லைக்குள்ள வந்தா உள்ளூரு ஆளு ஒருத்தரு கூட நிக்கணும்ல, அதுக்கு வந்தாரு. அவருக்கும் கேசுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, ஆனா எந்தப் படத்துலயும் அவரு கழுத்து இல்லாம இருக்காது.

நானா? எங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, சிப்பாயா இருந்துட்டு வந்து, பென்சன்ல வச்ச ஸ்டுடியோ அது. ஸ்டுடியோ ஆர்மான். அவருக்குக் கைநடுக்கம் வந்ததும் கேமரா எங்கைக்கு வந்துச்சு. கொலக்கேசு, சாராயக்கேசு, எல்லாத்துக்கும் நான்தான். எடுத்து, கழுவி, கவருல போட்டு கண்டக்டர்கிட்ட குடுத்து உட்டா பேப்பர் ஆபீசுக்குப் போயிடும். பொட்டப்புள்ள எடுக்குதேன்னு மத்தவங்க வேடிக்க பாப்பாங்க. உங்க அப்பா அப்படிப் பாக்கல, அதச் சொல்லணும்.

இந்த ஆளு பேரா? பேப்பருலயே போட்டிருக்கே, விழிதியூர் பாலகுரு. பட்டணத்துல ஒரு பங்களாவுல கார் ஓட்டிக்கிட்டிருந்தாரு. அங்க பூச ரூமு, சாமான் ரூமுல இருந்த வெள்ளி பித்தள அம்புட்டும் காணாப் போச்சு. அதே வாரம் இவரு அறுப்புக்குன்னு லீவு சொல்லிட்டு ஊருக்கு வந்துட்டாரு. போதாதா? உங்க அப்பா நேரா விழிதியூருக்கே வந்து, வயல்லேர்ந்து ஈரக் காலோட கூட்டியாந்துட்டாரு. வீட்டச் சோதன போட்டதுல அகப்பட்டது ஒரே ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ். தங்கச்சி கல்யாணத்துக்கு அந்த பங்களாம்மாவே குடுத்ததுன்னு இவரு சொன்னாரு. உங்க அப்பா நம்பல. அதுக்காக குத்தம் சொல்ல மாட்டேன், நம்பாம இருக்கறதுதான அவரு தொழிலு.

என்னா? திருடனுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதைன்னா? வாயி பழகிப் போச்சு தம்பி. கேளுங்க.

படம் எடுக்க ஸ்டுடியோவுக்கே கூட்டியாந்துட்டாங்க. மேச போட்டாச்சு, வேட்டி விரிச்சாச்சு. அவ்வளவு பெரிய மேசைக்கு நடுவுல அந்தச் சிமிழு மட்டும் இத்துனூண்டு உக்காந்திருக்கு. சார், இது பேப்பருல சோத்துப் பருக்க மாதிரிகூடத் தெரியாதேன்னேன். அவரும் வந்து கேமராவுல எட்டிப் பாத்தாரு. யோசிச்சாரு. அப்பறம் ரொம்ப மரியாதையா, ஏம்மா, உங்க வீட்டுல நல்ல பாத்திரம் ஏதாச்சும் இருக்குமா, படத்துக்கு மட்டுந்தான்னு கேட்டாரு.

சிரிக்கிறீங்க. நெசமாத்தான் சொல்றேன். ஸ்டுடியோவுக்குப் பின்னாடிதான் வீடு. போயி எங்கம்மாவோட சீர்ப் பாத்திரத்த ஒண்ணொண்ணாத் தூக்கியாந்தேன். அண்டா, தாம்பாளம், பித்தளக் குடம், குத்துவெளக்கு. எங்கம்மா அந்த வாரந்தான் புளி போட்டுத் தேச்சிருந்தாங்க, எல்லாம் தகதகன்னு இருக்கு. உங்க அப்பா வெளக்கத் தூக்கிப் பாத்தாரு. உச்சியில சிலுவ. பங்களாக்காரரு பூச ரூமுக்குள்ள சிலுவ எப்படிம்மா போச்சுன்னு கேட்டுட்டு சிரிச்சாரு பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. கூலிங் கிளாஸக் கழட்டி கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. வெளக்கு மட்டும் வேணாம், உள்ள கொண்டு போயிடுங்கன்னாரு. கெட்டிக்காரரு, லேசுல ஏமாற மாட்டாரு.

அந்த ஆளு? பின்னாடிதான் நின்னாரு. நான் ஃப்ளாஷ் மாட்டறப்ப மெதுவா கூப்புட்டு, அக்கா, சட்டப் பித்தான் நேராப் போட்டிருக்கேனா பாருங்கன்னாரு. மாட்டிக்கிட்டு நிக்கிற மனுசனுக்கு அந்தக் கவல. இதுல அக்கா வேற. என்னவிட ரெண்டு வயசு மூப்பு.

படத்துக்கு மட்டுந்தான்னு சொன்னாருல்ல? படம் பேப்பருல வந்துடுச்சு. பேப்பருல வந்த சாமான் கோர்ட்டுக்குப் போவாம இருக்கலாமா? ஜீப்பு வந்து மொத்தத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. உங்க அப்பா வரல, வேற ஆளுங்கள அனுப்பிட்டாரு. எங்கம்மா மொகத்தப் பாக்க அவருக்குத் தெம்பு இல்ல. எனக்கே இல்ல. பொண்ணப் பெத்தேனா இல்ல போலீசுக்கு ஆளு புடிச்சுக் குடுத்தேனான்னு அவங்க பாட்ட ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. கடைசியில, கேசு நடக்குற அன்னிக்கு என்னையும் கோர்ட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ, எங்குடத்த நானே கேட்டு வாங்கிக்கிறேன்னு கெளம்பிட்டாங்க. நானும் சும்மா போவானேன்னு இதே நெகட்டிவப் பெருசாப் போட்டு எடுத்துக்கிட்டேன். பத்தடியெல்லாம் இல்ல, ஒரு மொழம்.

இந்தாங்க, அதே நெகட்டிவ். ஓரத்தப் புடிங்க, நடுவுல தொடாதீங்க. பேப்பருல எல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும், ஒண்ணும் தெரியாது. இந்த லென்ச வச்சு ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. குடத்துக்குக் கழுத்துக்குக் கீழ. தெரியுதா? பாத்திரக் கடையில பேரு வெட்டிக் குடுப்பாங்கல்ல, அதான். படிங்க. ஆமா. க. சேவெரின், காரைக்கால்.

பட்டணத்துல அவ்வளவு பெரிய சைவக் குடும்பத்துல சேவெரின்னு யாருங்க இருப்பா? நான் கொண்டு போன படத்த நீட்டுனதும் ஜட்ஜய்யா கண்ணாடியப் போட்டுப் பாத்தாரு, கழட்டிட்டுப் பாத்தாரு. யாரும்மா இந்த சேவெரின்னாரு. நான்தாங்கய்யான்னு எங்கம்மா எந்திரிச்சு, குடத்த இன்னிக்கே தருவீங்களான்னும் கேட்டுட்டாங்க. கேசு அதோட படுத்துடுச்சு. அப்பறம் உண்மையான சாமானெல்லாம் அந்த பங்களா சமையக்காரரு மச்சான்கிட்ட அகப்பட்டுச்சாம். உங்க அப்பா அன்னிக்கு வெளியில வந்து எங்கம்மாவப் பாத்து ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டாரு. அத நான் மறக்கல. அதனாலதான் சொல்றேன், பத்தடிக்குப் போட்டா எங்கம்மா பேரு ஒரு சாணு எழுத்துல நிக்கும். அவரோட வேல பாத்தவங்க அத்தன பேரும் வந்து படிப்பாங்க. எம்பதாவது வயசுல மாலையும் கழுத்துமா அந்த மனுசன் அத நிமிந்து பாக்கணுமா?

இன்னொண்ணும் இருக்கு. டம்ளரக் கீழ வச்சுட்டுக் கேளுங்க. குடம் எப்படித் திரும்பி வந்துச்சுன்னு கேக்கலியே நீங்க. அன்னிக்குக் கோர்ட்டுல தரல, அப்பறம் பாலகுருதான் வாங்கிக் கொண்டாந்தாரு. அவ்வளவு தூரம் பஸ்ல மடியில வச்சுக்கிட்டு, ஒரு நசுங்கல் இல்லாம. அப்பறம் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கணும்னு வந்தாரு. திரும்பவும் வந்தாரு. எந்தப் பாஸ்போர்ட்டுக்குங்கன்னு கேட்டா பித்தானத் தடவிக்கிட்டு நிப்பாரு. சாதி வேற, சாமி வேற, எங்கப்பா முணுமுணுத்தாரு. எங்கம்மாதான், குடத்துக்கும் சேத்து டிக்கெட்டு எடுத்தாந்த ஆளுடி, கண்ண மூடிக்கிட்டுக் கட்டிக்கன்னுட்டாங்க.

ஆமா, டீ வச்சுட்டுப் போனாரே, அவருதான். உக்காருங்க, எதுக்கு எந்திரிக்கிறீங்க. நீங்க வாசல்ல செருப்பக் கழட்டறப்பவே கண்டுபுடிச்சுட்டாரு. மூக்கு அப்படியே அப்பா மூக்குன்னு உள்ள வந்து எங்கிட்ட சொன்னாரு. அவருக்குக் கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு இருக்கு தம்பி, ஒளிச்சுப் பேசத் தெரியாது. எம் பேரப்புள்ளைங்க பாரிஸ்ல படிக்குதுங்க. அதுங்க தாத்தா பத்தடிக்குத் திருடனா நிக்கிறத எவனாவது செல்லுல அனுப்பிட்டான்னா எம்மனசு தாங்காது. அதனால இந்த நெகட்டிவ நான் தர்றதா இல்ல.

மொகத்தத் தொங்கப் போடாதீங்க. அதே ரோல்ல இதுக்கு முந்துன படம் இது, பாருங்க. சிலுவையப் பாத்துச் சிரிச்சாரே, அப்ப ஒண்ணு தட்டிட்டேன். கூலிங் கிளாஸ் கையில, கண்ணுல தண்ணி, வாயி நெறயச் சிரிப்பு. உங்க அப்பா மட்டுந்தான், பக்கத்துல யாருமில்ல. போலீசுக்காரரு சிரிக்கிற படத்த எந்தப் பேப்பரு போட்டுச்சு? அதான் எங்கிட்டயே தங்கிடுச்சு. இத எத்தன அடிக்கு வேணாலும் போடுங்க. இதக் குடுத்தனுப்புன்னு சொன்னதே எங்க வீட்டுக்காரருதான்.

என்ன கேட்டீங்க? சிலுவையக் கண்டுபுடிச்சவரு குடத்துப் பேர எப்படி விட்டாருன்னா? போலீசுக்காரரு புள்ள பாருங்க, கேட்டுட்டீங்க. உங்க அப்பா பாக்கறப்ப பேரு செவுத்துப் பக்கம் இருந்துச்சு. படத்துல இந்தப் பக்கம் இருக்கு. நாப்பது வருசமா எங்க வீட்டுல இதே பேச்சுதான். வேளாங்கண்ணி மாதாதான் திருப்புனாங்கன்னு எங்கம்மா சாவுற வரைக்கும் சொன்னாங்க. இல்ல, காரைக்கால் அம்மையாருதான்னு எங்க வீட்டுக்காரரு. மாங்கனித் திருவிழா வந்தா ஒரு கூட பழம் வாங்கி, மாடியிலேர்ந்து ஊர்வலத்துக்கு இறைப்பாரு. வேண்டுதலாம். அதுவும் அழுவல் பழமில்ல, நல்ல பங்கனப்பள்ளி. ரெண்டு பேரும் சண்ட போடறப்ப நான் வாயே தொறக்கறதில்ல.

கிட்ட வாங்க, அடுப்படியில இருக்காரு. திருடுன ஆளுன்னா திருடுன சாமான் இருக்கணுமில்ல தம்பி, எங்கம்மா குடம் எதுக்கு? அதுல பித்தான் நேரா இருக்கான்னு வேற கேட்டுப்புட்டாரு. வெளிச்சம் சரியா விழுதான்னு பாக்கப் போறவளாட்டம் போயி, குடத்த லேசா ஒரு திருப்புத் திருப்பிட்டு வந்தேன். அவ்வளவுதான். நியாயமாப் பாத்தா அந்த மாம்பழமெல்லாம் எனக்குல்ல வந்திருக்கணும்.